காசல்ரீயில் இறங்கும் நீர்விமானத்தை ஐதரசனால் பறக்கவைக்க முடியுமா?

கேள்வி: ஹட்டன் பௌதிகவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். மாணவர்களுட் பலர் நோர்வூட், காசல்ரீப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். கட்டுநாயக்கவிலிருந்து வந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் செஸ்னா கரவான் நீர்விமானத்தை அவர்கள் நன்கறிவார்கள். வலய மட்ட விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, அந்த விமானத்தைப் புகையில்லாமல், ஐதரசனிலிருந்து பெறும் மின்சாரத்தால் பறக்கவைக்க முடியுமா என்று ஒரு மாணவி கேட்டாள். அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டோம்.

அவர்கள் போட்ட கணக்கு இதுதான். ஒரு கிலோகிராம் ஐதரசனில் ஏறக்குறைய 120 மெகாயூல் சக்தி இருக்கிறது. விமான எரிபொருளான மண்ணெண்ணெய் வகையில் 43 மெகாயூல்தான். ஆகவே மூன்றில் ஒரு பங்குத் திணிவுள்ள ஐதரசன் போதும், விமானத்தின் பாரம் குறையும், இன்னும் இரண்டொரு பயணிகளை ஏற்றலாம் என்று முடித்திருக்கிறார்கள். கணக்கில் கூட்டல் பிழை இல்லை. ஆனால் இவ்வளவு எளிதாக இருந்தால் இந்நேரம் எல்லா விமானங்களும் அப்படித்தானே பறந்துகொண்டிருக்க வேண்டும்? 1988 ஏப்ரலில் சோவியத் ஒன்றியத்தின் துப்பொலெவ் து-155 திரவ ஐதரசனில் பறந்துவிட்டது என்றும் ஒரு மாணவன் தேடிக் கண்டுபிடித்து வந்தான். அப்படியானால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இது எங்கே தங்கிப்போயிற்று? நாங்கள் எதைத் தவறவிட்டோம் என்பதைத் துறை சார்ந்தவர்கள் விளக்கினால், அவர்களுக்கு என் வாயால் மழுப்பலான பதில் சொல்லாமல் தப்புவேன்.

பதில்: எரிபொருட்கலப் பொறியியலாளர், பிறந்த ஊர் தலவாக்கலை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எரிபொருட்கலங்களோடு பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்பதாலும், காசல்ரீ என்ற பெயரைக் கண்டதாலும், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் து-155 பற்றி. அது ஐதரசனைத் தாரை இயந்திரத்துக்குள் எரித்துப் பறந்தது. உங்கள் மாணவி கேட்பது வேறு: ஐதரசனையும் காற்றிலுள்ள ஒட்சிசனையும் எரிபொருட்கலத்தில் சேர்த்து நீராக்கி, அப்போது பிறக்கும் மின்னோட்டத்தால் மோட்டாரைச் சுழற்றுவது. எரித்தால் உயர் வெப்பத்தில் நைதரசன் ஒட்சைட்டுகள் உண்டாகும். எரிபொருட்கலத்தில் அவை உண்டாவதில்லை. இந்த வழியிலும் மனிதர்கள் பறந்திருக்கிறார்கள். 2016 செப்டெம்பரில் ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட்டில் எச்வை4 என்ற நான்கு இருக்கை விமானம் பறந்தது. 2023 ஜனவரி 19 அன்று இங்கிலாந்தில் சீரோஏவியா நிறுவனம் 19 இருக்கை டோனியர் 228 விமானமொன்றைப் பத்து நிமிடம் பறக்கவிட்டது. ஆனால் அதன் இடப்பக்க இயந்திரம் மட்டுமே ஐதரசன்-மின் இயந்திரம். வலப்பக்கத்தில் வழக்கமான இயந்திரம்தான் இருந்தது. ஐதரசன் தாங்கிகளும் எரிபொருட்கலங்களும் பயணிகள் அமரும் இடத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. இந்த இரண்டாவது விவரத்தை மாணவர்களுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அதற்குள் இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கட்டுநாயக்கவிலிருந்து காசல்ரீ நேர்கோட்டில் ஏறக்குறைய 85 கிலோமீட்டர். அரை மணி நேரப் பறப்பு என்று கொள்வோம். காசல்ரீயில் எரிபொருள் நிரப்பாமல் திரும்பவும் வேண்டும், மூடுபனியால் இறங்க முடியாமற்போனால் இன்னோர் அரை மணி நேரத்துக்கான சேமிப்பும் வேண்டும். ஆக ஒன்றரை மணி நேரம். கரவானின் பிடி6 இயந்திரத்தின் உச்ச வலு ஏறக்குறைய 500 கிலோவாற்று. சராசரியாக 400 என்று வைத்தால், சுழல்தண்டில் 600 கிலோவாற்று மணி தேவை. வீட்டு மின்பட்டியலின் மொழியில் 600 அலகுகள்.

எரிபொருட்கலம், மோட்டார், துணைக் கருவிகள் எல்லாம் சேர்ந்து 45 வீத வினைத்திறனோடு இயங்கினால், 1,333 அலகு சக்தியுள்ள ஐதரசன் வேண்டும். கிலோவுக்கு 33.3 அலகு என்பதால் அது 40 கிலோகிராம். சிறிய சுழலி இயந்திரத்தின் வினைத்திறன் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் என்பதால் அதே பயணத்துக்கு 200 கிலோகிராம் மண்ணெண்ணெய் தேவைப்படும். பாருங்கள், உங்கள் மாணவர்கள் மூன்று மடங்கு என்றார்கள். உண்மையில் ஐந்து மடங்கு இலாபம் வருகிறது. அவர்கள் ஐதரசனைக் குறைத்தே மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அவர்கள் தவறவிட்டது பாத்திரத்தை. மண்ணெண்ணெய் 250 லீற்றர். சிறகுகளுக்குள் ஊற்றி வைத்துவிடலாம், தனியே தாங்கி என்று பெரிதாக எதுவும் வேண்டாம். ஐதரசனை 350 பார் அமுக்கத்தில் அடைத்தாலும் ஒரு கன மீற்றரில் 24 கிலோகிராம் அளவுதான் கொள்ளும். அந்த அமுக்கத்தைத் தாங்கக் காபன் நார் சுற்றிய உருளைகள் வேண்டும். அவை சிறகுக்குள் நுழையா. நிரம்பிய உருளை 100 கிலோ நிறுத்தால் அதில் ஐதரசன் ஐந்து ஆறு கிலோதான். ஆகவே 40 கிலோ ஐதரசனைச் சுமக்க ஏறக்குறைய 700 கிலோகிராம் ஏற்ற வேண்டும்: மண்ணெண்ணெயைவிட 500 கிலோ அதிகம். அடுத்தது இயந்திரம். பிடி6 ஏறக்குறைய 160 கிலோ. அதே வலுவைத் தரும் எரிபொருட்கலத் தொகுதி, அதன் காற்றழுத்தி, குளிரூட்டி, மோட்டார், மின்மாற்றுக் கருவி எல்லாவற்றையும் சேர்த்து 650 கிலோ என்று நான் தாராள மனத்தோடு கணக்கிடுகிறேன். அங்கே இன்னொரு 490. மொத்தம் ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட மேலதிக பாரம். கரவானில் எட்டுப் பயணிகளும் பொதிகளும் சேர்ந்து 720 கிலோ என்றால், அவர்கள் அனைவரையும் இறக்கிவிட்ட பின்னும் விமானம் பாரம் கூடியதாகவே இருக்கும்.

மின்கல அடுக்கை மட்டும் வைத்துப் பறக்கலாமே என்று யாராவது கேட்டால், ஒரு கிலோவுக்கு 200 வாற்று மணி என்ற அளவில் 600 அலகுக்கு மூவாயிரம் கிலோ மின்கலம் தேவை. விமானம் பயணிகளோடு மேலெழும்போதே மொத்தத் திணிவு நாலாயிரம் கிலோவுக்கு உட்பட்டது என்று சொல்லிவிடுங்கள். ஐதரசனை விட்டுவிட எங்களுக்கு மனம் வராததற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு தடை வெப்பம். இதைப் பலரும் பேசுவதில்லை. என்னை அதிகம் வாட்டுவது இதுவே. கினிகத்தேனை ஏற்றத்தில் பஸ்ஸின் ரேடியேற்றர் கொதித்து, சாரதி ஓரமாக நிறுத்தி, நடத்துநர் ஊற்றிலிருந்து வாளியில் நீர் கொண்டுவந்து ஊற்றுவதை உங்கள் மாணவர்கள் கண்டிருப்பார்கள். வேகம் குறைவு, வலு அதிகம், வெயில் என மூன்றும் ஒன்றாக வரும் இடம் அது. விமானம் மேலெழும் நேரமும் அத்தகையதுதான். சுழலி இயந்திரத்தில் வீணாகும் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகத் தானாகவே வெளியேறிவிடும். எரிபொருட்கலத்துக்கு அந்த வசதி இல்லை. 500 கிலோவாற்றுத் தண்டுவலுவுக்கு 600 கிலோவாற்றளவு வெப்பம் பிறக்கும். அதன் பெரும்பகுதியை 80 பாகை செல்சியஸில் ஓடும் குளிரூட்டும் நீர்தான் எடுத்துச்சென்று வெளிக்காற்றில் விட வேண்டும். கட்டுநாயக்கவில் காற்றே 32 பாகை. இடைவெளி 48 பாகை மட்டும் என்பதால் ரேடியேற்றர் பெரிதாக வேண்டும். அது பாரத்தையும் காற்றுத்தடையையும் கூட்டும். கலத்துக்குள் ஐதரசனையும் காற்றையும் பிரித்து நிற்கும் மென்சவ்வுகளை 160 பாகைக்கு மேல் இயங்கும்படி செய்ய ஆய்வுகூடங்கள் பாடுபடுவது இதனால்தான். அது கைகூடினால் ரேடியேற்றர் பாதிக்கும் கீழாகச் சுருங்கும்.

மலையை நெருங்கும்போது காற்றும் மெலியும். 3,000 மீற்றரில் காற்றமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதில் பத்தில் ஏழு பங்குதான். கலத்துக்கு ஒட்சிசன் குறையாமலிருக்கக் காற்றை அழுத்தி ஊட்ட வேண்டும். அந்த அழுத்தி, கலம் தரும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் தானே உண்டுவிடும்.

திரவமாக்கினால் தாங்கியின் பாரம் வெகுவாகக் குறையும். 2023 செப்டெம்பரில் ஸ்லோவீனியாவின் மாரிபோரில் அதே எச்வை4 திரவ ஐதரசனில் மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அதன் தூரவீச்சு 750 கிலோமீற்றரிலிருந்து 1,500 ஆகக் கூடலாம் என்று அதைச் செய்தவர்கள் கூறினார்கள். ஆனால் திரவ ஐதரசன் −253 பாகையில் இருக்க வேண்டும். ஆனி, ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழையில் மூடுபனி இறங்கி விமானம் காசல்ரீயில் ஒருநாள் தங்கிவிட்டால், தாங்கிக்குள் கசியும் வெப்பத்தால் ஐதரசன் மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதை வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும்.

பதில்: விமானப் பராமரிப்பாளர், கட்டுநாயக்க

மேலே எழுதியவரின் கணக்கோடு ஒத்துப்போகிறேன். நீர்விமானத்தை மின்சாரத்தால் பறக்கவைப்பது புதிதல்ல என்பதை மட்டும் சேர்க்கிறேன். 2019 டிசம்பர் 10 அன்று கனடாவின் வன்கூவரில் ஒரு பீவர் நீர்விமானம் மின்கல வலுவில் பறந்தது. 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் மோசஸ் லேக்கில் ஒரு கரவானே அரை மணி நேரம் பறந்தது. ஆகவே மோட்டாரைப் பொருத்துவதில் பெரிய சிக்கல் இல்லை.

பராமரிப்பாளன் என்ற முறையில் என்னைத் தூங்கவிடாதது, பல மின்மூலங்கள் ஒன்றோடொன்று கைமாறும் கணம். 2021 ஏப்ரலில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டுக்கு அருகே ஒரு பைப்பர் சோதனை விமானத்துக்கு நேர்ந்ததை மாணவர்கள் அறிய வேண்டும். அது மின்கல அடுக்கும் எரிபொருட்கலமும் சேர்ந்து இயக்கிய விமானம். பறக்கும்போது மின்கல அடுக்கைத் துண்டித்து, எரிபொருட்கலத்தால் மட்டும் ஓட்டிப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் மோட்டார்களுக்கு வலு நின்றது. எதிர்க்காற்று விமானத்தின் முன்விசிறியைத் தொடர்ந்து சுழற்றியதால் மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி மின்னழுத்தத்தை உயர்த்தியது. பாதுகாப்புச் சுற்று அதைப் பிழையாகக் கண்டு மோட்டாரைப் பூட்டிவிட்டது. மீண்டும் இயக்க முடியாமல் வயலில் இறங்கியபோது ஒரு சிறகு பிய்ந்துபோனது. உள்ளே இருந்த இருவருக்கும் காயமில்லை. எந்தக் கருவியும் உடையவில்லை, ஒவ்வொன்றும் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகவே செய்தது. வயல்வெளி இருந்த இடத்தில் அவர்கள் தப்பினார்கள். கினிகத்தேனைக்கும் நோர்ட்டனுக்கும் நடுவே கீழே தெரிவது தேயிலைச் சரிவும் பாறையும்தான்.

இத்துறையில் பணமும் பொறுமையும் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஒரு சான்று. 2023 மார்ச்சில் 15 நிமிடம் ஒரு டாஷ் 8 விமானத்தைப் பறக்கவிட்ட யுனிவேர்சல் ஹைட்ரஜன் நிறுவனம் 2024 இல் மூடப்பட்டது. எயார்பஸ்ஸும் ஐதரசன் விமானத்துக்கு வைத்திருந்த 2035 என்ற தன் இலக்கை 2025 இல் தள்ளிவைத்தது. ஆயினும் ஒவ்வொன்றும் இரண்டு மெகாவாற்றுக் கொண்ட நான்கு எரிபொருட்கல இயந்திரங்களோடான வடிவத்தை அது கைவிடவில்லை.

பதில்: நீர்மின் நிலையத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், நோர்ட்டன்பிரிட்ஜ்

பிள்ளைகளின் முயற்சிக்கு என் வாழ்த்து. விமானத்தைப் பற்றி எனக்கு எதுவும் சொல்லத் தெரியாது. ஐதரசன் எங்கிருந்து வரும் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

தோட்ட லயன்களில் குழாய் நீருக்கு வரிசையில் நிற்கிற மக்கள், நீரைப் பிரித்து விமானத்துக்குக் கொடுக்கிறார்களா என்று கட்டாயம் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஒரு கிலோ ஐதரசனுக்கு ஒன்பது கிலோ நீர். 40 கிலோவுக்கு 360 லீற்றர். சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அவர்களுடைய வரிசையை நீளமாக்குவது இந்த அளவு நீரல்ல என்பதைப் பிள்ளைகள் கண்காட்சியில் எண்ணோடு எழுதிவைக்கட்டும்.

சிக்கல் மின்சாரத்தில். மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் இன்றைய மின்பகுப்பு ஆலைகளுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 55 அலகு வேண்டும். 40 கிலோவுக்கு 2,200 அலகு. 1950 இல் தொடங்கிய பழைய லக்ஷபான நிலையம் ஏறக்குறைய 50 மெகாவாற்றான தன் முழு வலுவில் ஓடினால் இதை மூன்று நிமிடத்துக்குள் கொடுத்துவிடும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. ஆனால் காசல்ரீயிலும் மவுசாக்கலையிலும் தேங்கும் நீர் மாலை ஆறரைக்குப் பிறகு நாடு முழுவதும் விளக்கேற்றும் நேரத்துக்காகக் காத்து வைக்கப்படுவது. அதை ஐதரசனுக்குக் கொடுத்தால், அந்த இடைவெளியை நுரைச்சோலை நிலக்கரியோ டீசலோ நிரப்பும். நிலக்கரியில் ஒரு அலகுக்கு 0.9 கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்துப் பார்த்தேன்: 2,200 அலகுக்கு இரண்டு தொன்னுக்குச் சற்றுக் குறைவு வருகிறது. இருநூறு கிலோ மண்ணெண்ணெயை எரித்தால் வருவதோ 630 கிலோ. புகையில்லா விமானம் என்று இங்கே கைதட்டிவிட்டுப் புத்தளத்தில் மூன்று மடங்கு புகையை விட்டால் அது நியாயமாகாது.

வேறு வழி இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை வீழ்ந்தபோது, கூரைச் சூரியப் படல்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். அப்படி வேண்டாம் என்று தள்ளும் பகல் மின்சாரத்தையும், பருவமழையில் சிறு நீர்மின் நிலையங்கள் நிறைந்து ஓடும் நாட்களின் மிகுதியையும் கொண்டு ஐதரசன் செய்தால் அதற்கு அர்த்தம் உண்டு. வருடத்தின் பல மணி நேரம் ஆலை சும்மா இருக்கும் என்பதால் விலை கூடும். அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆலை கட்டுநாயக்கவில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மின்சாரம் கம்பியில் தானாகக் கீழே போகும். உயர் அமுக்க ஐதரசனை ஏற்றிய நீண்ட பாரஊர்தியை ஹட்டன் வீதியின் வளைவுகளில் ஓட்டச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கேள்வி கேட்டவர்: ஹட்டன் பௌதிகவியல் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரண்டு பாடவேளை முழுவதும் இவற்றை வைத்தே பேசினோம். கேள்வியை முதலில் எழுப்பிய மாணவி, திரவத் தாங்கியை வைத்துக் கணக்கை மீண்டும் போட்டாள். 40 கிலோ ஐதரசனும் தாங்கியும் சேர்ந்து 130 கிலோ என்று கொண்டால் மண்ணெண்ணெயைவிட 70 கிலோ மிச்சம். இயந்திரத் தொகுதியின் மேலதிக 490 இல் அதைக் கழித்தால் 420. ஒருவருக்குப் பொதியோடு 90 கிலோ என்றால் ஐந்து இருக்கைகளை எடுத்துவிட்டு மூன்று பயணிகளோடு பறக்கலாம் என்கிறாள். இது சரியா? மேலும், எங்கள் ஆய்வுகூடத்திலுள்ள, நீரை மின்சாரத்தால் பிரித்து வாயுக்களைக் குழாய்களில் சேர்க்கும் ஹொஃப்மன் வோல்ற்றாமானியைக் கொண்டு, கிலோவுக்கு 55 அலகு என்பதைச் சோதித்துக் காட்ட வழி உண்டா?

பதில்: எரிபொருட்கலப் பொறியியலாளர், பிறந்த ஊர் தலவாக்கலை

மாணவியின் கணக்கு சரி. 130 என்பது இன்றைய சிறு தாங்கிகளுக்குச் சற்று நம்பிக்கை கூடிய எண், ஆனாலும் நியாயமானதே. எட்டில் மூன்று இருக்கை என்ற அந்த விடையை அப்படியே கண்காட்சிப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். திரவமாக்குவதற்குக் கிலோவுக்கு மேலும் பத்துப் பன்னிரண்டு அலகு செலவாகும் என்பதை ஓய்வுபெற்ற ஐயாவின் கணக்கோடு சேர்க்கவும்.

சோதனைக்கு வழி உண்டு. ஒரு கிலோ ஐதரசனை வெளியேற்றத் தேவையான மின்னேற்றம் மாறாதது: 26,600 அம்பியர் மணி. ஆகவே மின்பகுப்புக்குக் கொடுக்கும் வோல்ற்றளவை 26.6 ஆல் பெருக்கினால் கிலோவுக்கான அலகு வந்துவிடும். ஆலைகள் ஒரு கலத்துக்கு 2 வோல்ற்றுக்குச் சற்றுக் கீழே இயக்குவதாலும், துணைக் கருவிகளின் செலவாலும் 55 வருகிறது. நீங்கள் 9 வோல்ற்று மின்கலத்தைப் பூட்டினால் 240 அலகு வரும். மிகுதி எங்கே போனது என்று கரைசலின் வெப்பநிலையை அளந்து பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கனவளவை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 0.2 அம்பியரைப் பதினைந்து நிமிடம் செலுத்தினால், கடல்மட்ட அமுக்கத்தை வைத்துப் போட்ட கணக்கு, 22 பாகையில் 22.6 மில்லிலீற்றர் ஐதரசன் என்று சொல்லும். உங்கள் குழாயில் 26 க்கு மேல் தெரியும். நீராவியும் சேர்வதால் இன்னும் சற்றுக் கூடலாம். கருவி பிழை என்று மாணவர்கள் அழித்துவிட வேண்டாம். ஹட்டனில் காற்றமுக்கம் 87 கிலோபஸ்கால் அளவுதான் என்பதால் வாயு விரிந்து நிற்கிறது. எரிபொருட்கலத்துக்குக் காற்றை அழுத்தி ஊட்ட வேண்டும் என்று முன்பு எழுதினேன் அல்லவா, அதே மெலிந்த காற்றைத்தான் அந்தக் குழாயில் அவர்கள் பார்க்கிறார்கள்.